வேலை தெரிந்த கியூரேட்டுக்கு என்ன பயிற்சி? லண்டன் புறநகர்ச் சேகரம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஊரில் புதிய டீக்கனை (குருப்பட்டத்துக்கு முந்தின பட்டம் பெற்றவரை) வரவேற்கும் சேகரங்களுக்கும் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதிகளுக்கும்), இங்கே கியூரேட்டை (பயிற்சிக் காலத்தில் இருக்கும் புதிய ஊழியரை) பெறும் சேகரங்களில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட கியூரேட்டும் சேகர குருவும் முன்னதாகவே வாசித்துச் சம்மதம் தந்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

எங்கள் சேகரம் வடமேற்கு லண்டனின் புறநகர் ஒன்றில் இருக்கிறது. 1920, 30-களில் மெட்ரோபாலிட்டன் ரயில் பாதையை ஒட்டி வரிசை வரிசையாக வீடுகள் எழும்பின. அந்தக் காலத்துச் செங்கல் ஆலயம்தான் எங்களுடையது. ஞாயிறு காலை ஆராதனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வயதான ஆங்கிலேயர்கள். மற்றவர்கள் கரீபிய, நைஜீரிய, கேரள, தமிழ்க் குடும்பத்தார். தமிழர்களில் யாழ்ப்பாணத்தார் அதிகம். என்னைப் போலத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் பேர். இங்குள்ள இரண்டு சர்ச் வார்டன்களில், அதாவது சபையார் தேர்ந்தெடுக்கும் பொறுப்பாளர்களில், நான் ஒருத்தி.

இங்கிலாந்து திருச்சபையில் குருவாகப் போகிறவர் இறையியல் படிப்பை முடித்ததும் பெரும்பாலும் பேதுருவின் திருநாளை ஒட்டி, ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ, டீக்கன் பட்டம் பெறுகிறார். அன்றிலிருந்து மூன்று நான்கு வருடம் ஒரு சேகரத்தில் கியூரேட்டாக இருந்து பழக வேண்டும். அவருக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு அந்தச் சேகரத்தின் குருவுக்கு. அவரை இங்கே விக்கர் என்பார்கள். நம் ஊர் வழக்கப்படி சேகர குரு என்றே எழுதுகிறேன்.

முதல் வருடம் டீக்கனாகவே கழியும். பிரசங்கம் செய்யலாம், சுவிசேஷம் வாசிக்கலாம், ஞானஸ்நானம் கொடுக்கலாம், அடக்க ஆராதனை நடத்தலாம். திருவிருந்தில் அப்பத்தையும் ரசத்தையும் அர்ச்சிக்கக் கூடாது. பாவமன்னிப்பு கூறும் உரிமையும் இல்லை. குறைந்தது ஒரு வருடம் இப்படி இருந்த பிறகுதான், பேராயர் விதிவிலக்கு தந்தாலொழிய, குருப்பட்டம். டீக்கன் பட்டத்து ஆராதனையில் வாசிக்கப்படும் பொறுப்புகளில் ஏழைகளையும் பலவீனரையும், நோயாளிகளையும் தனித்திருப்பவர்களையும் தேடிப் போவது முக்கியமான ஒன்று. குருப்பட்டத்துக்குக் காத்திருக்கும் காலமாக மட்டும் இந்த வருடத்தைப் பார்ப்பவர்கள் அந்த வரிகளை ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும்.

எங்களுக்கு அனுப்பப்பட்டவர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. பெரிய மருத்துவமனை ஒன்றில் நிர்வாக மேலாளராக இருந்தவர். வேலையை விடாமல், மாலை வகுப்பும் வார இறுதி வகுப்புமாக மூன்று வருடம் இறையியல் படித்தவர். பெண்களுக்கு இந்தத் திருச்சபை 1994-லிருந்தே குருப்பட்டம் கொடுத்து வருகிறது என்றாலும், எங்கள் சேகரத்துக்கு இவர்தான் முதல் பெண் கியூரேட். சேகர குரு அறுபதை நெருங்கியவர், நல்ல பிரசங்கி. உதவிக்கு இருந்த இன்னொரு குரு மாற்றலாகிப் போனபின் தனியாளாக இழுத்துக்கொண்டிருந்தார்.

முதல் நான்கு மாதங்கள்

வந்த முதல் மாதமே கியூரேட்டின் திறமை தெரிந்துவிட்டது. வாசிப்பவர்கள், வரவேற்பவர்கள், தேநீர் போடுபவர்கள் எல்லோருக்கும் ஒரே முறைப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். வருடக்கணக்கில் யாருக்கும் பிடிபடாமல் கிடந்த மண்டப வாடகைக் கணக்கு மூன்று வாரத்தில் சீரானது. வியாழக்கிழமை தாய்மாரும் குழந்தைகளும் கூடும் நிகழ்ச்சி, முதியோர் மதிய உணவு, வாராந்தர மின்னஞ்சல், பள்ளிக் காலைக் கூட்டம் என்று ஒவ்வொன்றாக அவர் கைக்குப் போயின. செப்டம்பர் முடிவதற்குள் அடக்க ஆராதனைகளில் பெரும்பகுதியையும் அவரே நடத்தினார்.

சபைக்கு ஒரே சந்தோஷம். "கடைசியில் நமக்கு ஒரு ஆள் கிடைத்தது" என்று பலர் சொன்னார்கள். சேகர குருவின் முகத்தில்கூட நெடுநாள் கழித்துத் தெளிவு தெரிந்தது. யாரும் எதையும் மறைக்கவோ, யாரையும் ஏமாற்றவோ இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இப்படிப்பட்ட சேகரங்களில் கோளாறு பெரும்பாலும் எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கும்போதுதான் ஆரம்பிக்கிறது.

அந்த நாட்களில் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. முதலாவது காலை ஜெபம். குருமார் தினமும் காலை ஜெபமும் மாலை ஜெபமும் சொல்ல வேண்டும் என்பது இந்தத் திருச்சபையின் விதி. ஜூலையில் இருவரும் காலையில் ஆலயத்தில் சேர்ந்து ஜெபித்தார்கள், முடிந்ததும் பின்வரிசையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசுவார்கள். அக்டோபரில் கியூரேட் மண்டபத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார், குரு மட்டும் தனியாக ஜெபித்தார்.

இரண்டாவது, பயிற்சிச் சந்திப்பு. கியூரேட் வந்த சில வாரங்களில் பயிற்சி உடன்படிக்கை ஒன்று கையெழுத்தாகும். வார விடுமுறை எது, படிப்புக்கு எந்த நாள், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை குருவோடு உட்கார்ந்து செய்த ஊழியத்தை அலசுவது என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்கள் உடன்படிக்கையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று இருந்தது. சந்திப்பு தவறாமல் நடந்தது. ஆனால் இருவரும் நாட்குறிப்பைத் திறந்து, யார் எந்த ஆராதனை, எந்த வீடு, எந்தக் கூட்டம் என்று பிரித்துக்கொள்வதிலேயே நேரம் முடிந்துவிட்டது.

நவம்பரில் ஒரு அடக்க ஆராதனை

யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருவர் இறந்தார். தகனம் செய்யும் இடத்தில் ஒரு குடும்பத்துக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குவார்கள். உள்ளே வருவது, ஆராதனை, வெளியேறுவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். அடுத்த குடும்பம் வாசலில் காத்திருக்கும். வந்திருந்தவர்கள் இருநூறு பேர் இருப்பார்கள். பெட்டியைத் திறந்து வைத்து எல்லோரும் கடைசியாக முகம் பார்க்க வேண்டும் என்று குடும்பம் கேட்டிருந்தது. கியூரேட் அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினார்.

ஆராதனை அழகாக நடந்தது. பெயரைச் சரியாக உச்சரித்தார். பாட்டியின் வாழ்க்கையை, தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொண்டதை வைத்து, பிசகில்லாமல் சொன்னார். பிறகு வரிசை நகர ஆரம்பித்தது. பத்து நிமிடம் ஆனதும் இறுதிச் சடங்கு நிறுவன ஊழியரைப் பார்த்துத் தலையசைத்தார். பெட்டி மூடப்பட்டது. வரிசையில் பாதிப் பேர் அப்படியே நின்றார்கள். டொரொண்டோவிலிருந்து முந்தின இரவுதான் வந்து இறங்கிய தங்கையும் அதில் ஒருவர்.

யாரும் புகார் செய்யவில்லை. நன்றிக் கடிதம்கூட வந்தது. அடுத்த வாரம் துக்க வீட்டுக்குப் போனபோது அந்தத் தங்கை என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நல்ல பிள்ளைதான், குறை சொல்லேலாது. ஆனா மணிக்கூட்டையே பாத்துக்கொண்டு நிண்டவ. அக்காவை ஒருக்கா தொட்டுப் பாக்கக் கிடைக்கேல்ல."

கியூரேட் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. நேரம் தாண்டினால் அடுத்த குடும்பத்தின் துக்கத்தில் கை வைத்ததாகும். ஆனால் முக்கால் மணி நேரத்துக்குள் அத்தனை பேர் முகம் பார்க்க முடியாது என்பது முந்தின வாரமே தெரிந்திருக்கும், அந்த வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால். வீட்டுக்குப் போக நேரம் இல்லாததால்தான் தொலைபேசியில் பேசியிருக்கிறார்.

தெரிய வந்தது

இதை நான் சேகர குருவிடம் சொன்னேன். அடுத்த பயிற்சிச் சந்திப்பில் அந்த அடக்கத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் பேசியிருக்கிறார்கள்: "நல்லபடியாக, நேரத்துக்கு முடிந்தது." சேகர குரு தன் நாட்குறிப்பைப் பின்னோக்கிப் புரட்டினார். ஞாயிறு பிரசங்கம் தவிர, அந்தக் கியூரேட் செய்யும் எந்த ஊழியத்தையும் அவர் பக்கத்தில் இருந்து பார்த்ததே இல்லை. தான் ஒரு துக்க வீட்டில் எப்படி உட்காருகிறேன் என்பதை அவருக்குக் காட்டியதும் இல்லை.

அதே சமயத்தில் திருமண்டலத்தில் (ஒரு பேராயரின் கீழ் வரும் சேகரங்களின் தொகுதியில்) கியூரேட்டுகளுக்குப் பொறுப்பான குரு வழக்கமான விசாரிப்புக்கு வந்தார். இருவரையும் தனித்தனியே பார்த்துவிட்டு, வார்டன்களிடமும் பேசினார். அவருடைய கணிப்பு தெளிவாக இருந்தது: இவருக்கு வேலை தெரியும் என்பதால் எல்லோரும் வேலை கொடுத்திருக்கிறீர்கள், பயிற்சி இன்னும் தொடங்கவில்லை.

கியூரேட்டின் அவசரத்துக்குக் காரணம் என்ன என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. இந்தத் திருச்சபையில் குருமார் பொதுவாக 70 வயதில் ஓய்வு பெற வேண்டும். தாமதமாக வந்தவர் என்பதால், மிச்சமிருக்கும் வருடங்களை அவர் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தார். இங்கே முதல் பெண் கியூரேட் என்பதும் கூடச் சேர்ந்தது. ஒரு இடத்தில் தடுமாறினாலும் பெண் என்பதால் என்று பேசுவார்கள் என்ற பயம். ஆகவே தனக்கு நன்றாகத் தெரிந்ததையே, அதாவது நிர்வாகத்தையே, மேலும் மேலும் செய்தார். சபையும் அதையே பாராட்டியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

திருவருகைக் காலமும் கிறிஸ்துமஸும் முடியட்டும் என்று ஜனவரி வரை பொறுத்தோம். கரோல் ஆராதனைகளுக்கு நடுவில் பொறுப்புகளைப் பிடுங்கினால் அது தண்டனையாகத்தான் தெரியும்.

ஜனவரியில் சேகர குரு பயிற்சி உடன்படிக்கையைப் புதிதாக எழுதினார். நிர்வாக வேலைகள் முழுவதையும் கியூரேட்டிடமிருந்து எடுத்துவிடுவது முதல் முடிவு. அவர் அதில் கற்க வேண்டியது எதுவும் இல்லை என்பது ஒரு காரணம். அது கையில் இருக்கும்வரை கடினமான இடங்களிலிருந்து தப்பிக்க ஒரு நல்ல சாக்கு இருக்கும் என்பது இன்னொன்று. காலை ஜெபத்தை மறுபடி சேர்ந்தே சொல்வது, அதன்பின் கொஞ்ச நேரம் வேறெதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது என்றும் முடிவானது. நாட்குறிப்புப் பேச்சுக்கு வேறு நேரம் ஒதுக்கினார்கள். பயிற்சிச் சந்திப்புக்கு நாட்குறிப்பைக் கொண்டுவரவே கூடாது என்று வைத்தார்கள்.

அடக்க ஆராதனைகளைப் பொறுத்தவரை, ஈஸ்டர் வரை இருவரும் சேர்ந்தே துக்க வீட்டுக்குப் போவது. ஒருமுறை குரு பேசுவார், அவர் கவனிப்பார். மறுமுறை அவர் பேசுவார், குரு கவனிப்பார். இதற்காக குரு பள்ளி நிர்வாகக் குழுவிலிருந்து விலகினார். அவருடைய நேரம் குறையாமல் கியூரேட்டுக்கு நேரம் கிடைக்காது என்பதை அவரே சொன்னார். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கடைசியாக, நோயாளி சந்திப்பு. எங்கள் சபையில் எண்பதை எட்டப் போகும் ஒரு ஆங்கிலேயப் பாட்டி, பல வருடங்களாக முதியோர் இல்லங்களுக்குப் போய் வருபவர். ஞாயிறன்று அர்ச்சித்த அப்பத்தையும் ரசத்தையும் கியூரேட் எடுத்துக்கொண்டு அந்தப் பாட்டியோடு போக வேண்டும். திருவிருந்தை டீக்கன் கொடுக்கலாம், ஆனால் உரையாடலைப் பாட்டிதான் நடத்துவார்.

எதிர்ப்பு

கியூரேட் கோபப்பட்டார். "முப்பது வருஷம் ஆட்களை வைத்து வேலை வாங்கியவள் நான். இப்போது பையைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர் பின்னால் போகச் சொல்கிறீர்கள்" என்றார். அறையில் நானும் இன்னொரு வார்டனும் இருந்தோம். சேகர குரு சமாதானம் சொல்ல அவசரப்படவில்லை. "ஆமாம், அதைத்தான் கேட்கிறேன். நானும் உங்களோடு வருகிறேன்" என்றார். கியூரேட் அன்று ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வாரம் கழித்து, திருமண்டலப் பொறுப்பாளரிடம் தனியாகப் பேசிவிட்டு வந்துதான் சரி என்றார்.

சபையின் எதிர்ப்பு இதைவிட நீண்டது. சேகர கமிட்டியில் ஒருவர், "கிடைத்த ஆளையும் ஏன் சும்மா உட்கார வைக்கிறீர்கள்?" என்று கேட்டார். கியூரேட் நமக்குக் கொடுக்கப்பட்ட வேலையாள் அல்ல, பழகுவதற்காகப் பேராயர் நம்மிடம் ஒப்படைத்தவர் என்று சேகர குரு விளக்கினார். எல்லோருக்கும் அது ஏறவில்லை. தாய்மார் நிகழ்ச்சியை இரண்டு இளம் தாய்மார்கள் எடுத்துக்கொண்டார்கள். வாராந்தர மின்னஞ்சல் என் தலையில் வந்தது. முதியோர் மதிய உணவுக்கு யாரும் முன்வரவில்லை, நின்றுபோனது. அதற்காக ஏங்கிய நாலைந்து பேர் இன்றும் இருக்கிறார்கள், அந்த இழப்பைச் சின்னதாகக் காட்ட எனக்கு மனமில்லை.

லெந்து முதல் குருப்பட்டம் வரை

மாற்றம் முதலில் காகிதத்தில் தெரிந்தது. குருமார் பயிற்சியில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரு சந்திப்பு முடிந்ததும் அங்கே நடந்த பேச்சை நினைவிலிருந்து, அவர் சொன்னது, நான் சொன்னது என்று வரிக்கு வரி எழுதி வந்து பயிற்சியாளரோடு வாசிப்பது. லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலத்தில், கியூரேட் அப்படி ஒன்றை எழுதினார். முதியோர் இல்லத்தில் மனைவியை இழந்த ஒரு பெரியவரோடு பேசியது. பாட்டி அன்று காய்ச்சலால் வரவில்லை.

இரண்டு பக்கம். அதைப் பின்னர் எனக்கும் காட்டினார். பெரியவர் முதலில் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார், பிறகு தோட்டத்து ரோஜாச் செடிகளை யார் வெட்டிவிடுவார்களோ என்கிறார். கியூரேட் உடனே, இல்லத்தில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று விசாரித்துச் சொல்வதாகப் பதில் தருகிறார். சிறிது நேரம் கழித்து மறுபடி ரோஜா. கியூரேட் அவருடைய மகன் எப்போது வருவார் என்று கேட்கிறார். மூன்றாவது முறை பெரியவர், "அவள்தான் வெட்டுவாள், எனக்கு விடவே மாட்டாள்" என்கிறார். கியூரேட்டின் அடுத்த வரி: "சரி, நாம் ஜெபிக்கலாமா?"

சேகர குரு எதுவும் சொல்லாமல் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொன்னார். மூன்றாவது ரோஜா வந்ததும் அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். பென்சிலை எடுத்து அந்த இடங்களில் அவரே கோடு போட்டார். மறுநாள் திரும்பவும் அந்த இல்லத்துக்குப் போனார்.

அந்த நேரத்தில் குரு ஒரு தவறைச் சுட்டிக்காட்டிப் பேசியிருந்தால் பலன் பாதியாகியிருக்கும் என்று நினைக்கிறேன். தன் வரியைத் தானே வாசித்துக் கேட்டதுதான் அவரைத் தொட்டது.

மே மாதம் இன்னொரு தமிழ்க் குடும்பத்தில் மரணம். கியூரேட் அந்த வீட்டுக்கு இரண்டு முறை போனார், ஒருமுறை குருவோடும் மறுமுறை தனியாகவும். எத்தனை பேர் வருவார்கள், யார் யார் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள், முகம் பார்ப்பது யாருக்கு எவ்வளவு முக்கியம் என்று கேட்டார். தகனம் செய்யும் இடத்தில் இரட்டை நேரம் பதிவு செய்யலாம், ஆனால் கட்டணம் கூடும். அல்லது முந்தின மாலையே பெட்டியை ஆலயத்துக்குக் கொண்டுவந்து வைக்கலாம், அது இங்கே நெடுநாளைய வழக்கம். இரண்டையும் குடும்பத்தின் முன் வைத்தார். அவர்கள் ஆலயத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு பக்கம் ஒப்பாரி, ஒரு பக்கம் பாட்டு. கியூரேட் கடைசி வரை ஓரத்துப் பெஞ்சில் இருந்தார்; கேட்டவர்களோடு மட்டும் பேசினார்.

குருப்பட்டத்துக்கு முன் பயிற்சி குரு பேராயருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். எங்கள் சேகர குரு நவம்பரில் நடந்ததையும் அதன்பின் நடந்ததையும் அதில் எழுதினார், கியூரேட்டிடம் காட்டிவிட்டே அனுப்பினார். ஜூன் கடைசியில் குருப்பட்டம். டீக்கனாக இடது தோளிலிருந்து குறுக்காகப் போட்ட ஸ்டோலை (குருமார் அணியும் நீண்ட துணிப்பட்டையை) அன்று இரு தோளிலும் தொங்கவிட்டு, மறுநாள் எங்கள் ஆலயத்தில் முதல் திருவிருந்தை நடத்தினார்.

அதன் பிறகு

இரண்டாம் வருடத்தில் வேறொரு சூழலில் சில வாரம் பழக வேண்டியிருந்தது. மருத்துவமனை வேண்டாம் என்று இருவருமே முடிவு செய்தார்கள், அங்கே அவர் மறுபடி மேலாளராகிவிடுவார் என்ற கவலை. பல சிற்றாலயங்களைச் சேர்த்து ஒரே குரு பார்க்கும் கிராமப்புறச் சேகரம் ஒன்றுக்குப் போனார். மூன்றாம் வருடத்தில் நிர்வாகப் பொறுப்புகள் சில திரும்ப அவரிடம் வந்தன, இம்முறை அளவோடு. கியூரேட் கால இறுதி மதிப்பீட்டில், சேகரத்தைத் தானே பொறுப்பேற்று நடத்தத் தகுதியானவர் என்று முடிவாகி, இப்போது இரண்டு ஆலயங்களுக்குப் பொறுப்பாக இருக்கிறார்.

எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. முதல் வருடத்தில் சேகர குருவுக்கும் அவருக்கும் இடையே விழுந்த கீறல் முழுதாக ஆற வெகுகாலம் பிடித்தது. கமிட்டியில் கேள்வி கேட்டவர் வேறு ஆலயத்துக்குப் போய்விட்டார்.

இனி மாற்றுவது

அடுத்த கியூரேட் வருமுன் சபைக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். கியூரேட் எதற்கு வருகிறார், டீக்கன் வருடம் என்றால் என்ன, எந்த வேலைகளை அவரிடம் கேட்கக் கூடாது என்பதை வரவேற்பு விருந்துக்கு முன்பே ஒரு ஞாயிறில் பேச வேண்டும். பயிற்சி உடன்படிக்கையில் செய்ய வேண்டியவற்றோடு, முதல் வருடம் கொடுக்கக் கூடாதவற்றின் பட்டியலும் இருக்க வேண்டும். வேறு தொழிலில் மூத்தவராக இருந்து வருபவருக்கு அவருடைய பழைய தொழிலின் வேலைகள்தான் அந்தப் பட்டியலில் முதலில் வர வேண்டும்.

முதல் அடக்க ஆராதனைகளை குரு பக்கத்தில் இருந்து பார்ப்பது கட்டாயம், எவ்வளவு அனுபவசாலி வந்தாலும். சேகர குருவுக்கு அதற்கு நேரம் இல்லையென்றால், கியூரேட் ஒருவரைத் தரும்படி கேட்பதற்கு முன்பே சேகர குரு எதை விடப் போகிறார் என்று கமிட்டி கேட்க வேண்டும். விடுவதற்கு எதுவும் இல்லையென்றால் அந்த வருடம் கியூரேட் கேட்காமல் இருப்பதே நல்லது. சேகரத்துக்கு வெளியே ஒரு மூத்த குருவைத் துணையாகக் கியூரேட்டுக்கு முதல் மாதத்திலேயே அறிமுகம் செய்துவைப்பதும் வேண்டும். எங்கள் விஷயத்தில் திருமண்டலப் பொறுப்பாளரிடம் அவர் மனம்விட்டுப் பேச ஜனவரி ஆகிவிட்டது.

துக்க வீடுகளைப் பற்றி ஒரு சின்ன ஏற்பாடு ஏற்கனவே செய்துவிட்டோம். தமிழ், கரீபிய, நைஜீரியக் குடும்பங்களில் அடக்கத்தின்போது என்னென்ன எதிர்பார்ப்பார்கள், எவ்வளவு நேரம் பிடிக்கும், யாரிடம் கேட்க வேண்டும் என்று அந்தந்தக் குடும்பத்தாரே எழுதிக் கொடுத்த பக்கங்கள் ஆலய அலுவலகத்தில் ஒரு கோப்பில் இருக்கின்றன. தமிழ்ப் பக்கத்தை டொரொண்டோவிலிருந்து வந்த அந்தத் தங்கையிடம் கேட்டு, அவர் திரும்பிப் போகுமுன் எழுதி வாங்கினோம்.